கிழக்குக் கதவும் பச்சை விளக்கும்

காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் முதலில் தெரிந்தது ஒரு பச்சைப் புள்ளி. மூன்று விநாடிக்கு ஒரு முறை மினுக்கிவிட்டு அணைந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளியும் ஒரு சிவப்புப் புள்ளியும் அசையாமல் எரிந்தன. குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, மூன்றையும் எழுதினேன்.

ஆறு பதினெட்டுக்கு உள்ளே தகரக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஆறு இருபத்தைந்துக்கு மஞ்சள் அணைந்தது. பச்சையும் கூடவே அணைந்தது. சிவப்பு மட்டும் எரிந்தது. அரை நிமிடம் கழித்து மஞ்சள் மறுபடி வந்தது. பச்சை சற்று நேரம் படபடவென்று அடித்துவிட்டு நிதானத்துக்கு இறங்கியது. அப்படியே ஐந்து நிமிடம் ஓடியது. பிறகு மஞ்சளும் பச்சையும் மறுபடி அணைந்தன. சிவப்பு எரிகிறது என்று எழுதினேன்.

அந்தக் கட்டடம் என் தங்கை கணவருடைய ஏலக்காய் ஸ்டோர். பறித்து வந்த பச்சைக் காயைக் கழுவி, கம்பி வலைத் தட்டுகளில் பரப்பி, ஒரு முழு நாள் சூட்டில் வைத்து உலர்த்தும் இடத்துக்கு இங்கே அதுதான் பெயர். குமுளியிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். கட்டடத்தில் இரண்டு பகுதி. உள்ளே காய் காயும் அறை. அதை ஒட்டி அடுப்படி. அடுப்படிக்குக் கிழக்கே ஒரு பெரிய தகரக் கதவு, மேற்கே ஒரு கண்ணாடி ஜன்னல். தகரக் கதவைத் திறந்தால் மலை அங்கேயே முடிந்துவிடும். கீழே கம்பம் பள்ளத்தாக்கின் தென்னந்தோப்புகள் தெரியும். மேற்கு ஜன்னலுக்கு வெளியே நடைபாதை. அங்கே நின்று பார்த்தால் உள்ளே சுவரில் மாட்டிய சாம்பல் நிறப் பெட்டியும் அதன் மூன்று விளக்குகளும் தெரியும். அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் தெரியமாட்டார்.

அந்த ஆளைக் கவனிக்கத்தான் நான் அங்கே நின்றேன்.

முப்பது வருடம் மதுரையில் ஒரு நாளிதழில் வேலை பார்த்தவன் நான். பாதிக் காலம் வெளியே நிருபராக, மீதிக் காலம் உள்ளே பிரதி திருத்துபவனாக. ஓய்வுக்குப் பிறகு குமுளியில் தங்கை வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். செய்ய வேலையில்லாத ஒருவன் வீட்டில் இருப்பது மற்றவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்கு இரண்டு நாள் முன்பு, காலைச் சாப்பாட்டின்போது, மைத்துனர் தன் போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மச்சான், இங்க பாருங்க. நேத்து ஒம்பது மணிக்கு ஒரு மெசேஜ். அதுக்கப்புறம் ஒண்ணரைக்கு. நடுவுல நாலு மெசேஜக் காணோம். அதுக்கு முந்துன நாளும் இதே கத."

"டவர் இல்லாமல் இருந்திருக்கும், மாப்பிள்ளை."

"டவரா? அங்க நின்னா என் போன்ல நாலு கட்டை நிக்கிது. பெட்டிக்கு மட்டும் டவர் போயிருமா?"

"அண்ணன இட்லியத் திங்க விடுங்க," என்றாள் தங்கை. "பேப்பர்க்காரவுகளக் கண்டாலே உங்களுக்குப் புகார் குடுக்கணும்னு தோணிருமே."

அந்தப் பெட்டியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஐம்பது டிகிரியை ஒட்டி நிற்க வேண்டிய காய் அறை வெப்பத்தை அளந்து, மணிக்கு ஒரு முறை முதலாளியின் போனுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புவது அதன் வேலை. கட்டப்பனையில் சின்னதாக ஒரு மின்னணுக் கடை வைத்திருக்கும் பெண் செய்து கொடுத்தது. உள்ளே ஒரு சிம் கார்டு. அந்த சிம்மை வாங்கிக் கொடுத்தவன் நான்.

எல்லையில் இருக்கும் தமிழ் வீடுகளில் ஆளுக்கு இரண்டு சிம் இருக்கும். கம்பத்தில் வாங்கியது கீழச் சிம், குமுளியில் வாங்கியது மேலச் சிம். கல்யாணம், சாவு, பேங்க், ஊர்க் கோயில் எல்லாம் கீழச் சிம்மில் வரும். கரண்டு ஆபீஸ், பஞ்சாயத்து, ஏலக் கடை எல்லாம் மேலச் சிம்மில். என் ஆதாரில் இன்னும் மதுரை முகவரிதான் இருக்கிறது. பெட்டிக்கு சிம் வேண்டுமென்று மைத்துனர் சொன்ன வாரம் பல் பிடுங்கக் கம்பத்துக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் விரல் ரேகை வைத்து வாங்கி வந்தேன். எந்தச் சிம் என்று யாரும் கேட்கவில்லை. இங்கே அது கேட்கிற விஷயமும் இல்லை.

மைத்துனரின் சந்தேகம் இதுதான். கடைசி இரண்டு லாட் காய் வெளுத்து வந்தது. பச்சை நிற்காத காய் ஏலத்தில் பின்னால் தள்ளப்படும். அடுப்பின் முன்னால் உட்காரும் ட்ரையர்காரர் நடுவில் வெளியாள் காயை ஏற்றி இறக்குகிறார், கதவைத் திறந்து தட்டை மாற்றும்போது சூடு விழுகிறது, அது தெரியாமல் இருக்கப் பெட்டியின் வாயை அடைக்கிறார்.

"எப்படி அடைக்கிறார்?"

"மேல கறுப்பா நாலு வெரல் நீளத்துக்கு ஒரு குச்சி இருக்குல்ல, அதுதான அதுக்குக் காது. அதத் திருகிக் கழட்டிட்டா முடிஞ்சுது சோலி. வேலை முடிஞ்சதும் மாட்டிருவான். பெட்டிய நிப்பாட்டுனா நமக்குத் தெரிஞ்சு போகும்னு தெரியிற அளவுக்கு அவனுக்கு மூளை இருக்கு மச்சான். பாக்டரியில இருந்தவன்ல."

அந்த ஆளுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஒரு தேயிலை பாக்டரியில் ட்ரையரில் நின்றவர். பாக்டரி மூடியதும் எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீட்டை ஒப்படைத்துவிட்டு, மனைவியோடு இங்கே வந்து நான்கு வருடம் ஆகிறது. ஸ்டோரின் தெற்குச் சுவரை ஒட்டிய ஒற்றை அறையில் இருவரும் இருந்தார்கள். மனைவி காய் தரம் பிரிப்பார். ஒரே மகளைப் போடியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இந்த வேலை போனால் அறையும் போகும். திரும்பிப் போக லயமும் கிடையாது. மைத்துனருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் மச்சான். சும்மா போயி நின்னு பாத்து எழுதிட்டு வாங்க. அவ்வளவுதான்."

சும்மா பார்த்து எழுதுவது எனக்குப் பழகிய வேலை. ஒப்புக்கொண்டேன்.

முதல் நாள் பகல் ஒரு மணி வரை நின்றேன். தகரக் கதவு நான்கு முறை சாத்தப்பட்டது. நான்கு முறையும் ஏழெட்டு நிமிடத்துக்குள் மஞ்சள் விளக்கு அணைந்தது. கதவு திறந்திருந்த நேரம் முழுக்க மூன்று விளக்கும் ஒழுங்காக எரிந்தன. நோட்டின் இடது பக்கத்தில் கதவு, வலது பக்கத்தில் விளக்கு. இரண்டு வரிசையும் ஒன்றையொன்று பார்த்து எழுதியதுபோல் இருந்தன.

ஏழு ஐந்துக்கு ட்ரையர்காரரின் மனைவி ஒரு சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்து வேலியைத் தாண்டிப் போனார். ஏழு இருபதுக்கு வெறும் கையோடு வந்தார். அதையும் எழுதினேன்.

இரண்டாம் நாள் அவரே வெளியே வந்தார். கை முழுக்கச் சாம்பல். ஜன்னலுக்கு வெளியே என்னைப் பார்த்ததும் நின்றார்.

"சார் நேத்தும் இந்நேரம் இங்க இருந்தீக."

"காலையில் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்."

"நடக்கிறவுக நடப்பாக. நீங்க நிக்கிறீக."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, ஏதோ பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னார்:

"மொதலாளி வெளுத்த காயப் பத்திக் கேட்டாகளாக்கும்? ஆள் பத்தாமப் பறிச்ச காய ரெண்டு நாள் சாக்குல போட்டு வச்சிருந்தாக, அந்த மழையில. சாக்குல வெந்த காய நான் எப்படிப் பச்சையாக்குறது? பெயின்டா அடிக்க?"

இதைப் பாதிதான் எழுதினேன். வெளுத்ததற்கு மழையே காரணம் என்கிறார், என்று. யாரும் சரிபார்க்காத சேதிக்கு எங்கள் மேசையில் 'என்கிறார்' போடுவோம்.

அவர் மனைவி அன்றும் சாக்கோடு வந்தார். வழியில் நின்று கேட்டேன்.

"என்னம்மா கொண்டு போறீங்க?"

"சாம்பலுங்க சார். அடுத்த தோட்டத்துல மொளகுக் கொடிக்குக் கேட்டாக."

"கனமாக இருக்கும்போலிருக்கிறதே."

"எறக்கிக் காட்டட்டா?"

வேண்டாம் என்றேன். சாக்கின் ஓரத்தில் சாம்பல் கசிந்திருந்தது. சாம்பலுக்கு நடுவில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம் என்று தோன்றியது. சாம்பல் என்கிறார், என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் நண்பகலில் மைத்துனர் வந்தார். நோட்டை வாங்கி, கதவுப் பக்கத்தையும் விளக்குப் பக்கத்தையும் விரலால் ஓட்டிப் பார்த்தார். நான் கருத்து எதுவும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டியிருக்கவும் இல்லை. நேராக அடுப்படிக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

"மூணு நாள்ல பதினோரு தடவ கதவச் சாத்தியிருக்க. பதினோரு தடவயும் பெட்டி நின்னிருக்கு. என்னா சொல்ற?"

அவர் விறகைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்தார்.

"வெயில் ஏறுனா கீழருந்து காத்து மேல வருது மொதலாளி. விடிய நேரத்துலயும் சில நாள் வருது. கதவு தொறந்து கெடந்தா அடுப்புப் புகை உள்ள திரும்புது. காயில புகை வாடை ஏறுனா விடுவீகளா?"

"அதுக்குப் பெட்டி எதுக்கு நிக்கிது?"

"அதப் பெட்டிகிட்டல்ல கேக்கணும். எங்கிட்ட ஒருத்தர் கேட்டா நான் பதில் சொல்லுவேன். அது இன்னைக்கு வரைக்கும் எங்கிட்டப் பேசுனதில்ல."

"வாய் நல்லாப் பேசுது. அந்தக் குச்சியக் கழட்டுறியா இல்லியா?"

"எந்தக் குச்சிய?"

அப்போது அவர் மனைவி அறை வாசலில் வந்து நின்றார். முறத்தைக் கீழே வைக்காமலே பேசினார்.

"நாலு வருசமா இந்தப் பொகையிலதான் கெடக்கோம். களவாணின்னு நெனச்சா இன்னைக்கே சொல்லிருங்க. மருமகன் வீட்டு வாசல்ல போயி நிக்கிறதா, வேற எங்கிட்டுப் போறதான்னு நாங்க பாக்கணும்ல."

மைத்துனர் நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். பிறகு குரலை இறக்கினார்.

"பெட்டி செஞ்ச பொண்ணு நாளைக்கு வருது. பெட்டியில கம்ப்ளெய்ன்ட் இருந்தா நீ பாட்டுக்கு இருந்துட்டுப் போ. கம்ப்ளெய்ன்ட் இல்லன்னு அது சொல்லிருச்சுன்னா, இந்த லாட் எறங்குனதும் ரூமக் காலி பண்ணிரணும்."

"சரி," என்றார் அவர். குனிந்து விறகை எடுத்தார். காற்று ஏறி வந்துகொண்டிருந்தது. கதவைச் சாத்துவதற்கு முன் திரும்பிப் பார்த்தார். "சாத்தட்டுமா? மணியப் பாத்துக்கங்க சார்."

மறுநாள் பத்தே காலுக்கு அந்தப் பெண் ஸ்கூட்டரில் வந்தாள். முப்பது வயது இருக்கும். சித்திரபுரத்தில் கரண்டு போர்டு குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் என்று மைத்துனர் சொல்லியிருந்தார். அங்கே அப்பா பிடுங்கி எறிந்த பழைய மீட்டர்களைத் திறந்து பார்த்துத்தான் தொழில் பழகினாளாம். முதுகுப் பையிலிருந்து லேப்டாப்பையும் ஒரு மல்டிமீட்டரையும் எடுத்து விறகுக் கட்டின் மேல் வைத்தாள். அவளையும் நான் நம்பவில்லை. செய்தவளே சோதிக்கிறாள், குறை இருந்தால் அவளுக்குக் கெட்ட பெயர், இல்லை என்றால் வேறொருவருக்கு வேலை போகும். எது எளிது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். மூலையில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்தேன். ட்ரையர்காரர் அடுப்பின் பக்கத்தில் குத்துக்காலிட்டு இருந்தார். மைத்துனர் உட்காரவில்லை.

பெட்டியைக் கழற்றுவதற்கு முன் நான்கு திருகாணிகளையும் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சொட்டுச் சிவப்பு இருந்தது.

"நகப் பாலிஷ்," என்றாள். "நான் வச்சது. ஒண்ணுகூட ஒடையல. பெட்டிய யாரும் தொறக்கல அண்ணே."

"தொறக்கவே வேணாமேம்மா. குச்சிதான் வெளியில நிக்கிதே," என்றார் மைத்துனர்.

அவள் மூடியை எடுத்தாள். உள்ளே பச்சைப் பலகை, அதன் நடுவில் தபால்தலை அளவில் ஒரு வெள்ளித் தகடு.

"இதுதான் மோடம். பேசுறதுக்கும் கேக்குறதுக்கும் ரெண்டே கம்பிதான். மத்தக் கம்பியெல்லாம் ஒண்ணு அதத் தட்டுறதுக்கு, ஒண்ணு அது முழிச்சிருக்கான்னு பாக்குறதுக்கு, இந்த மாதிரி. இது பவர் கீ. போன் பட்டன அமுக்கிப் பிடிக்கோம்ல, அதே வேலை. பெட்டி இந்தக் கம்பிய ஒரு விநாடி, ரெண்டு விநாடி கீழ இழுத்துப் புடிச்சா மோடம் எந்திரிக்கும். இன்னொரு தடவ இழுத்தாப் படுத்துக்கிரும். இது ஸ்டேட்டஸ். 'நான் முழிச்சிருக்கேன்'னு மோடம் பெட்டிக்குச் சொல்லுத கம்பி. அதுலதான் மஞ்ச வெளக்கு. பச்ச வெளக்கு டவருக்கு. செகப்பு கரண்டுக்கு."

"அப்ப மஞ்ச அணைஞ்சா?" என்று கேட்டார் மைத்துனர்.

"மோடம் படுத்திருச்சு."

"தானாவா?"

"தானாப் படுக்காது அண்ணே. பவர் கீய யாரோ இழுத்திருக்கணும்."

மைத்துனர் ட்ரையர்காரரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையால இழுக்க முடியுமா?" என்று நான் கேட்டேன்.

"பெட்டியத் தொறந்து ஊசி மாதிரி ஒண்ண வச்சாத்தான் முடியும். தொறக்கலன்னு இப்பத்தான சொன்னேன். சார் ஏதோ எழுதி வச்சிருக்கீங்களாமே, குடுங்க."

நோட்டைக் கொடுத்தேன். முதல் பக்கத்தை இரண்டு முறை படித்தாள்.

"மஞ்ச அணையிறதுக்கு முன்னால பச்ச எப்படி மினுக்குச்சு?"

"மெதுவாக. மூன்று விநாடிக்கு ஒன்று."

"நெசமாவா? ஒவ்வொரு தடவயுமா? படபடன்னு அடிக்கலையே?"

"திரும்பி எரியத் தொடங்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் அடிக்கும். அதற்குப் பிறகு மெதுவாகத்தான். எழுதியிருக்கிறேன், பாருங்கள்."

அவள் நோட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு மைத்துனர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, குச்சியக் கழட்டுனா மோடம் டவரத் தேடிக்கிட்டே இருக்கும். தேடுற நேரம் முழுக்கப் பச்ச படபடன்னு அடிக்கும். மெதுவா அடிச்சா, டவர் கெடச்சிருச்சு, நிம்மதியா இருக்கேன்னு அர்த்தம். இவரு எழுதுனது சரின்னா குச்சிய யாரும் தொடல. கரண்டும் போகல, ஒவ்வொரு வரியிலயும் செகப்பு எரியிதுன்னு எழுதியிருக்காரு."

"அப்ப டவர் கெடச்ச மோடத்த எவன்தான் படுக்கப் போட்டது?"

"பெட்டிதான். பவர் கீ வேற யாரு கையிலயும் இல்ல. ஏன் போட்டுச்சுன்னு பாக்கணும்."

லேப்டாப்பிலிருந்து ஒரு கம்பியைப் பெட்டியில் செருகினாள். மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பவர் கீ மேல் வைத்தாள். திரையில் சில விநாடிக்கு ஒரு முறை ஒரு வரி வந்தது; ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒன்று என்ற எண். கதவு திறந்திருந்தது. வெளியே பள்ளத்தாக்கில் வெயில் அடித்தது.

"அண்ணாச்சி, கதவச் சாத்துங்க," என்றாள் ட்ரையர்காரரிடம்.

"எல்லாரும் பாத்துக்கிட்டிருக்கீகள்ல? பெறகு நான் எங்கையோ கைய வச்சேன்னு ஆயிரப்படாது." இரண்டு கையையும் ஒரு முறை தூக்கிக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழிட்டார். திரும்பிவந்து பழைய இடத்தில் உட்கார்ந்து, கைகளை முழங்காலுக்கு மேல் வைத்துக்கொண்டார்.

ஒன்று. ஒன்று. ஒன்று. ஒன்றரை நிமிடம் அப்படியே ஓடியது. பிறகு வரியின் முடிவில் ஐந்து வந்தது.

"அஞ்சு," என்றாள் அவள். பச்சை விளக்கு மெதுவாகத்தான் மினுக்கிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் போனது. அடுப்பில் விறகு வெடித்தது. பிறகு மல்டிமீட்டரில் எண் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து, இரண்டு விநாடி கழித்து ஏறியது. மஞ்சள் அணைந்தது. ட்ரையர்காரர் முழங்காலிலிருந்து கையை எடுத்திருக்கவில்லை.

"இந்த சிம் எங்க வாங்குனது?"

"கம்பத்தில்," என்றேன். "நான்தான் வாங்கினேன்."

அவள் நெற்றியில் தட்டிக்கொண்டாள். பிறகு மைத்துனருக்குப் புரியும்படி சொன்னாள்.

"டவர் கெடச்சிருச்சான்னு பெட்டி அப்பப்பக் கேக்கும். சொந்த ஊர் டவர்னா மோடம் 'ஒண்ணு'ன்னு சொல்லும். வேற மாநிலத்து டவர்ல விருந்தாளியா நின்னா 'அஞ்சு'ன்னு சொல்லும். ரெண்டுலயும் மெசேஜ் போகும். இது தமிழ்நாட்டு சிம். கதவு தொறந்திருந்தா கம்பத்து டவர் நேரா உள்ள வருது, ஒண்ணு. தகரக் கதவச் சாத்துனா அது மறைஞ்சு போகுது, மேக்கு ஜன்னல் வழியாக் குமுளி டவரப் புடிக்கிது, அஞ்சு. ஒண்ணு வந்தாத்தான் டவர்னு நான் எழுதி வச்சிருக்கேன். அஞ்சு வந்தா டவரே இல்லன்னு பெட்டி நெனச்சுக்கிட்டு, அஞ்சு நிமிஷம் பொறுத்திட்டு, மோடத்தப் படுக்கப் போட்டு எழுப்புது. மறுபடி அஞ்சு. மறுபடி படுக்கப் போடுது."

"கட்டப்பனையில சரியாத்தான ஓடுச்சு?"

"அங்க எல்லாரும் அங்க வாங்குன சிம்தான் போடுதாங்க. எனக்கு ஒரு நாளும் அஞ்சு வந்ததில்ல. எல்லையில வைக்கப் போறீங்கன்னு தெரியும், கீழச் சிம் போடுவீங்கன்னு யோசிக்கல. எம்மேலயும் தப்புத்தான் அண்ணே."

லேப்டாப்பில் பத்து நிமிடம் ஏதோ தட்டினாள். ஐந்தையும் டவராக எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன் என்றாள். மூடியைப் போட்டுத் திருகாணிகளை முடுக்கி, கைப்பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து நான்கின் தலையிலும் சிவப்பு வைத்தாள். இனிமேல் மணிக்கொரு செய்தி என் போனுக்கும் வரட்டும் என்று மைத்துனர் சொன்னார். என் எண்ணையும் சேர்த்தாள். கதவு சாத்தியேதான் இருந்தது. பதினொன்று நாற்பதுக்குச் சோதனைச் செய்தி ஒன்று வந்து இரண்டு போன்களும் ஒன்றாக ஒலித்தன. ஐம்பத்தொன்று.

"அம்பத்தொண்ணு," என்று மைத்துனர் சத்தமாகப் படித்தார். "சரியா இருக்கா?"

"அம்பத்தொண்ணுதான்," என்றார் ட்ரையர்காரர். அவர் பெட்டியைப் பார்த்துச் சொல்லவில்லை. காய் அறைக் கதவில் புறங்கையை வைத்திருந்தார்.

"சரி, போயி வேலையப் பாரு," என்றார் மைத்துனர். அந்தப் பெண்ணை வழியனுப்ப அவர் வெளியே போனதும், ட்ரையர்காரர் என் பக்கம் கையை நீட்டினார்.

"அந்த நோட்ட ஒருக்கத் தாங்க சார்."

கொடுத்தேன். அடுப்பு வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகத் திருப்பினார். எழுத்துக் கூட்டித்தான் படித்தார், அவசரப்படவில்லை.

"ஒம்பது நாப்பதுக்கு நான் செடி மறைவுக்குப் போனதும் இருக்கு."

விரலை எச்சில் தொட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

"அவ கொண்டுபோன சாம்பலும் இருக்கு." இன்னொரு பக்கம். "செகப்பு எரிகிறது. செகப்பு எரிகிறது. பச்சை மெதுவாக. எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீக. எழுதுனத நீங்க படிக்கிறதில்லையா சார்?"

நோட்டை மூடி, சாம்பலைத் தட்டிவிட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் லாட் இறங்கியிருந்தது. நானும் மைத்துனரும் போனபோது காய் நல்ல பச்சையாகத் தார்ப்பாயில் கிடந்தது. தட்டுகள் கழுவிச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. அடுப்புச் சாம்பல் வாரியாகிவிட்டது. தெற்கு அறை வாசலில் இரண்டு பைகளும், கயிறு போட்டுக் கட்டிய ஒரு பெட்டியும் இருந்தன. அவர் மனைவி அறையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"என்னா இது?" என்றார் மைத்துனர். "எங்க கெளம்பிட்டீக?"

"லாட் எறங்குனதும் ரூமக் காலி பண்ணணும்னு சொன்னீகள்ல. எறங்கிருச்சு."

"அட, பெட்டியில கம்ப்ளெய்ன்ட்டு இருந்தா இருந்துட்டுப் போன்னும் சொன்னேன்ல? இப்பத்தான் தப்பு உம்மேல இல்லன்னு தெரிஞ்சு போச்சே."

"உங்களுக்கு நேத்துத் தெரிஞ்சுச்சு மொதலாளி. எனக்கு மொதல்லயே தெரியும்."

"நேத்துப் பறிச்ச காய் கழுவி வச்சது கெடக்குதுப்பா. அதையாவது ஏத்தி எறக்கிட்டுப் போ. வேற ஆள் இன்னைக்கே எங்க கெடைக்கும்?"

"சாரு இருக்காக," என்றார் அவர். "கதவப் பாத்துக்குவாக."

அவர் மனைவி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, சாவியை மைத்துனரிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "பஸ்ஸு கம்பத்துக்குப் போகுது," என்றார். ஏழே முக்கால் பஸ்ஸில் இரண்டு பேரும் மலையிறங்கினார்கள்.

மைத்துனர் எட்டு மணிக்குப் பச்சைக் காயைத் தட்டுகளில் ஏற்றி, தானே அடுப்பு மூட்டினார். கிழக்குக் கதவு சாத்தியிருந்தது. பெட்டியில் மூன்று விளக்கும் எரிந்தன. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பதினோரு மணிக்கு என் போனுக்கு வந்த செய்தி நாற்பத்தேழு என்றது. பன்னிரண்டு மணிக்கு அறுபத்துநான்கு. ஒரு மணிக்கு எழுபது. இரண்டு மணிக்கு முப்பத்தாறு.